சுவர் வழியாகக் கேட்டது

கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியதும் இரண்டு முட்டிகளும் சேர்ந்து கத்தின. வலது முட்டிக்கு எப்போதுமே குரல் பெரிசு. அவன் கால்சட்டையைத் தொடை வரை சுருட்டிவிட்டு, வீங்கியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். குழி நிரம்பச் சற்று நேரம் பிடித்தது. காலையிலிருந்து ஒரு பெரிய வீட்டின் கூடத்துக்கு டைல்ஸ் பதித்துவிட்டு வந்திருந்தான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். குழைத்துவைத்த சிமெண்டுக்குத் தெரியாதே.

அவன் மனைவி தைலப் புட்டியோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். தையல் ஆலையில் நாள் முழுக்கத் துணியைத் தள்ளித் தள்ளி அவள் விரல்நுனிகள் சொரசொரத்துப் போயிருந்தன. அந்தச் சொரசொரப்புதான் முட்டிக்கு இதம்.

"மெதுவா."

"ம்."

"அந்தப் பக்கம் இல்ல, உள்பக்கமா."

"ம்."

அந்த வீட்டில் அவளுடைய அகராதி அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து 'ம்'மிலேயே சம்மதம், 'ம்'மிலேயே கோபம், 'ம்'மிலேயே சாப்பிட வா. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பேசாத பெண்டாட்டி கிடைத்தது யோகம் என்று வேலையிடத்தில் மற்றவர்கள் சொல்லும்போது, தானே பார்த்துப் பார்த்து வாங்கியதுபோல் சிரித்துக்கொள்வான்.

"நேரமாச்சு" என்று எழுந்து கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் பாட்டுக் கேட்கிற காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கைபேசியைத் தலையணைமேல் சாய்த்து வைத்தான்.

இருவரும் ஒரே பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்கிற படிப்பு. அவனுக்கு அது ஆசைக்கான படிப்பில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே மண்டி போட்டீங்கன்னா, அப்புறம் கழிப்பறைல கூட உக்கார முடியாது" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நின்றுகொண்டே விரலை நீட்டி வேலை வாங்குகிற சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகப்போகிறது, ஆனால் கம்பெனி இப்போது பட்டம் கேட்கிறது என்றார் ஒப்பந்தக்காரர். முட்டி தேய்வதற்குள் பட்டம் வாங்கியாக வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

படிப்பில் மற்ற பாடங்களெல்லாம் எப்படியோ ஓடிவிட்டன. காலை வாரியது கூட்டுப் பணித்திறன் என்கிற பாடம். அதற்குப் பரீட்சை கிடையாது. ஞாயிறு சாயங்காலம் நான்கு நான்கு பேராகப் பிரித்து, கைபேசித் திரையில் ஓர் அறைக்குள் விடுவார்கள்; முகம் தெரியாது, பெயரும் குரலும் மட்டும். ஒரு விவகாரத்தைக் கொடுத்து, நேரம் முடிவதற்குள் நான்கு பேரும் நேரடியாகப் பேசி ஒரே முடிவுக்கு வரச் சொல்வார்கள். எவ்வளவு பேசினீர்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அடுத்தவர் சொன்னதை எடுத்து எவ்வளவு தூரம் கொண்டுபோனீர்கள் என்பதற்குத்தான். ஆசிரியை முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார்: வாய் திறக்குமுன், யாருடைய பேச்சின்மேல் நின்று பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும்.

'பேசறதுக்கு மார்க்கா, இதைவிட லட்டு மாதிரி பாடம் உண்டா' என்று நினைத்துத்தான் போன பருவத்தில் அவன் உள்ளே போனான். தோற்றுப்போனான். 'நிறையப் பேசுகிறீர்கள். பிறர் பேச்சு உங்கள் காதில் விழுந்ததற்கு அடையாளமே இல்லை' என்று ஆசிரியை எழுதியிருந்தார். அவனுக்கு அது நியாயமாகப் படவில்லை. வெட்டும் இயந்திரம் அலறுகிற இடத்தில் வேலை பார்க்கிறவன் கத்தித்தான் பேசுவான். எதிராளி சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் அவன் விரல் போய்விடும். இரண்டாம் தடவையும் தோற்றால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

இந்தப் பருவத்தில் மனைவியையும் சேர்த்துவிட்டது அவன்தான். தனியாகப் படிக்கப் பிடிக்கவில்லை என்பது வெளியே சொன்ன காரணம். கூட ஒருத்தி இருந்தால், அதுவும் வாயே திறக்காதவளாக இருந்தால், அவளுக்குப் பக்கத்தில் தான் கொஞ்சம் உயரமாகத் தெரியலாம் என்பது சொல்லாத காரணம். விண்ணப்பம் போட்டதும், கைபேசியில் செயலியை ஏற்றிக் கொடுத்ததும் அவனே. இரண்டு பேரும் ஒரே குழுவில் விழுந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

"அங்க நாம புருஷன் பொண்டாட்டின்னு சொல்லிக்க வேணாங்க. சொன்னா, எதுக்கெடுத்தாலும் உங்களைக் கேட்டுட்டு என்கிட்ட வருவாங்க."

அவனுக்கும் அதுவே சௌகரியமாகப் பட்டது. அவள் திணறினால் தனக்குத் தலைகுனிவு வராது.

முதல் வாரம் கூச்சம் தெளிவதற்காக ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாடகைக் கார் ஓட்டுகிற இளைஞன் 'ஸ்டியரிங்' என்று வைத்துக்கொண்டான்; சவாரிக்கு நடுவே எங்காவது வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் பேச வருவான். மருத்துவமனைத் தாதி 'ஊசி'. இவன் 'ரசமட்டம்'. தளம் சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற கருவி. தன் நேர்மைக்குப் பொருத்தம் என்று நினைத்து வைத்தது. மனைவி என்ன வைக்கப்போகிறாள் என்று காத்திருந்தான். 'பாபின்' என்றாள். தையல் இயந்திரத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் கீழ்நூல் விடுகிற சின்ன உருளை. "அது ஓடலைன்னா மேல எவ்வளவு அழகா தைச்சாலும் பிரிஞ்சு வந்துடும்" என்று அவள் விளக்கம் சொன்னதும் மற்ற இருவரும் சிரித்தார்கள். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியாள்கள் நடுவே அவள் அத்தனை சொற்கள் பேசி அவன் கேட்டதில்லை.

ஒரே அறையில் இரண்டு கைபேசிகள் இருந்தால் சத்தம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு காதைக் கிழிக்கும். அதனால்தான் அவன் படுக்கையறையிலும் அவள் சமையலறையிலும். நடுவே ஒற்றைச் செங்கல் சுவர், வாடகை வீட்டுச் சுவர். அவள் பேசும்போது அவனுக்கு இரண்டு தடவை கேட்கும். முதலில் சுவர் வழியாக, மங்கலாக, ஈரத்துணியைப் போர்த்தியதுபோல். ஒரு நொடி கழித்துக் காதுக்கருவியில், பளிச்சென்று. சுவர் வழியாக வருவது அவன் பெண்டாட்டி. காதுக்கருவியில் வருவது யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் அதிகம் பேசியதுகூட இல்லை. "ஊசி அக்கா, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க, நடுவுல வேற பேச்சு வந்துடுச்சு. சொல்லுங்க" என்பாள். நடுவே வந்த அந்த வேற பேச்சு எப்போதும் அவனுடையதாகத்தான் இருக்கும். "ஸ்டியரிங் தம்பி போன தடவை சொன்னதை இதோட சேர்த்துப் பாப்பமா?" என்பாள். பாதி நூலாக அறுந்து கிடக்கும் பேச்சையெல்லாம் பொறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவாள். எல்லாவற்றுக்கும் முடிவில், "ரசமட்டம் சார் என்ன நினைக்கறாருன்னு கேட்டுக்கலாம்" என்பாள். சார். அந்தச் சொல் அவன் காதுக்குள் பொடிக்கல் மாதிரி கிடந்து உறுத்தும்.

அவள் பேசாத நாளில், "அக்கா இன்னிக்கு ஏன் டல்லா இருக்காங்க? அவங்க இல்லாம வண்டி நகராது" என்று ஸ்டியரிங் குறைப்படுவான். ஊசி சலித்த குரலில், "ஆமா, அவங்க சொல்லட்டும்" என்பார். ஒரு தடவை ஸ்டியரிங், பின்சீட்டில் பல்செட்டை மறந்துவிட்டுப் போன சவாரி திரும்பக் கூப்பிட்டு, பல் இல்லாத வாயால் விலாசம் சொன்ன கதையைச் சொன்னான். அவள் சிரித்தாள். சுவர் குலுங்கியது. ஒரு நொடி கழித்து அதே சிரிப்பு காதுக்குள் உடைந்தது. அவன் கைபேசியின் சத்தத்தைக் குறைத்தான்.

டிரைவர் பயல் மேல் சந்தேகப்படவாவது முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனோ வாய்க்கு வாய் அக்கா என்கிறான். போதாததற்குத் தன் நிச்சயத்துக்கு எந்த நிறச் சட்டை போடலாம் என்று அவளிடம் யோசனை கேட்கிறான். பொறாமைப்பட்ட இடத்தில் ஓர் ஆம்பிளை இல்லை. அவன் பொறாமைப்பட்டது அவள் மேலேயேதான். தான் முட்டி தேயத் தேயத் தேடிக்கொண்டிருந்த ஒன்றை, அவள் சமையல்மேடையில் சாய்ந்து நின்றபடி, பாத்திரம் கவிழ்க்கிற மாதிரிச் சாதாரணமாகச் செய்துகொண்டிருந்தாள். ஒரு தடவை தண்ணீர் எடுக்கிற சாக்கில் கதவைத் திறந்து பார்த்தான். கைபேசி அலமாரித் தட்டில் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை லேசாக மேலே தூக்கி, கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பேச்சை அப்படி ஒரு முகத்தோடு அவள் கேட்டதாக அவனுக்கு ஞாபகமில்லை. அப்படிக் கேட்கிற மாதிரி என்ன பேசினோம் என்றும் ஞாபகமில்லை.

பல்செட்டுக் கதை கேட்ட அன்றிரவு சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"அப்படி என்ன சிரிப்பு அங்க?"

"எங்க?"

"அதான், அந்தப் பல்செட்டு கதைக்கு."

"நல்லா இருந்துச்சு. சிரிச்சேன்."

"நான் சொன்னா சிரிக்கறதில்ல."

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை. நிஜமாகவே நினைவில் தேடுகிறாள் என்று தெரிந்தது.

"நீங்க எப்பங்க சிரிக்கற மாதிரி சொன்னீங்க?"

அவன் பாதியில் எழுந்துவிட்டான். கையைக் கழுவிக்கொண்டான்.

மறுநாள் வேலையிடத்தில் அவள் மாதிரி பேசிப் பார்த்தான். குளியலறைச் சரிவு எந்தப் பக்கம் என்று ஒப்பந்தக்காரருக்கும் குழாய்க்காரருக்கும் வாக்குவாதம். வழக்கமாக அவன் கரண்டியைத் தரையில் தட்டி, "ரெண்டு பேரும் தள்ளுங்கய்யா" என்பான். அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குழாய்க்காரர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. அது மேல நின்னு நான் ஒண்ணு சொல்றேன்" என்றான். இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எது மேல நின்னு?" என்றார் குழாய்க்காரர், காலுக்கடியில் பார்த்துக்கொண்டே.

ஒப்பந்தக்காரர் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே. என்னய்யா, மந்திரியாட்டம் பேசற? தேர்தல்ல கீர்தல்ல நிக்கறியா?"

கட்டடம் முழுக்கச் சிரித்தது. சாயங்காலம் வரை அவனை யார் கூப்பிட்டாலும் 'மந்திரி'தான். அவள் வாயில் நூல்போல ஓடுகிற பேச்சு, தன் வாயில் வந்தால் மட்டும் கோமாளித்தனமாகிறது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதுவே மனதைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

மதிப்பெண் போடுகிற கடைசி விவாதம் வந்தது. வாராவாரம் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருக்க வேண்டும். அந்த வாரம் அவன் முறை. நேரத்தைப் பார்த்துக்கொள்வதும், யாராவது பக்கத்தில் கூச்சல் குழப்பம் என்றால் அவர்கள் ஒலிவாங்கியை நிறுத்திவைப்பதும் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு. மற்றவர்கள் பட்டப்பெயருக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒலிவாங்கிப் படம் இருக்கும். தொட்டால் சிவப்புக் கோடு விழும்.

விவகாரம் இதுதான். ஊருக்கு நடுவே ஒரு காலி மனை. பிள்ளைகள் விளையாடத் திடல் கேட்கிறார்கள், வயதானவர்கள் உட்கார ஓரிடம் கேட்கிறார்கள், கடைக்காரர்கள் வண்டி நிறுத்துமிடம் கேட்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது? கூடவே மனையின் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். புல், நடுவே ஒரு மின்கம்பம், பின்னால் வீடுகள்.

முதல் பாதி நாசமாகப் போனது. ஸ்டியரிங், வண்டிக்காரன் புத்தி மாறாமல், நிறுத்துமிடத்துக்கே கொடி பிடித்தான். ஊசி, வார்டில் நாள் முழுக்கப் பார்க்கிற முகங்களுக்காக, முதியவர்கள் பக்கம். அவன் மூன்று சமபங்கு என்றான். "மூணா வெட்டினா கார் திரும்பாது சார்" என்றான் ஸ்டியரிங். "பந்து வந்து கெழவர் மண்டைல விழும்" என்றார் ஊசி. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. திரையின் மூலையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. அவன் அக்குள் வியர்த்து நாறியது. முட்டி துடித்தது. யார் பேச்சையும் எடுத்துக்கொண்டு எங்கும் போக அவனுக்கு வழி தெரியவில்லை. இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தான்.

அதுவரை வாய் திறக்காத அவள் பேசினாள். "எனக்கு இந்தப் படத்துல ஒண்ணு தெரியுது..."

சுவரில் ஒரு தடவை. காதில் ஒரு தடவை.

"ஷ், அக்கா பேசறாங்க. எல்லாரும் கேளுங்க" என்றான் ஸ்டியரிங். அந்த 'எல்லாரும்' தன்னைத்தான் என்று அவனுக்குப் பட்டது. இவ்வளவு நேரம் மூச்சுமுட்டப் பேசினவன் நான். அவள் வாயைத் திறக்குமுன்னே கூட்டம் கையைக் கட்டிக்கொள்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மோட்டார் ஓட ஆரம்பித்தது. சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிற மோட்டார். காதுக்கருவியில் அவள் குரலுக்கு அடியில் இரைச்சல் ஏறியது. சத்தம் வந்தால் நிறுத்தலாம், விதியே இருக்கிறது. அவன் விரல் பாபின் என்ற பெயரைத் தொட்டது. சிவப்புக் கோடு விழுந்தது.

காதுக்குள் அமைதி. சுவரில் மட்டும் அவள்.

கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறாள். சிவப்புக் கோட்டைப் பார்த்திருக்க மாட்டாள். மோட்டார் திணறி, இருமி, நின்றுவிட்டது. தண்ணீர் இல்லைபோல. இப்போது அவன் திருப்பித் திறந்துவிட்டிருக்கலாம். ஒரு விரல் வேலை. ஆனால் அவன் காதுக்கருவியில் ஒன்றைக் கழற்றிவிட்டுச் சுவரோடு தலையைச் சாய்த்தான். உலகத்திலேயே அவன் ஒருவனுக்கு மட்டும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"...அந்த மனை காலியா இல்லங்க. புல்லுக்கு நடுவுல குறுக்கால ஒரு கோடு போகுது பாருங்க. ஒத்தையடிப் பாதை. பின்னாடி வீட்டுல இருக்கறவங்க தினம் நடந்து நடந்து விழுந்தது. அவங்க யாரும் எதுவும் கேக்கல. நாம எதைக் கட்டினாலும் முதல்ல அவங்க வழிதான் அடைபடும். பாதையை முதல்ல விட்டுடுவோம். மிச்சத்தை அப்புறம் பிரிப்போம்."

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இருந்தது. புல்லில் நகம் கீறியதுபோல் வெளிறிய ஒரு கோடு. ஆயிரம் தளங்களில் கோடு பிடித்த கண்ணுக்கு அது படவில்லை.

"அக்கா?" என்றான் ஸ்டியரிங். "கேக்குதா அக்கா?"

"கேக்குதே தம்பி" என்றது சுவர்.

"லைன் போச்சு போல" என்றான் ஸ்டியரிங்.

"ஆமா, நெட்வொர்க் பிரச்சனை" என்றான் அவன். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவனுக்கே ஆச்சரியம். "நேரம் இல்ல. நான் ஒண்ணு சொல்றேன். படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. புல்லுக்கு நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை போகுதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ நின்றுபோனது. மூச்சுகூட இல்லை.

அவன் நிறுத்தவில்லை. எதுவும் கேட்காமல் தினம் நடக்கிறவர்களுக்கு அந்தப் பாதையை விட்டுவிட்டால் மனை தானாகவே இரண்டாகப் பிரிகிறது. சாலைப் பக்கத்துச் சின்னத் துண்டு வண்டிகளுக்கு, உள்பக்கத்துப் பெரிய துண்டு பிள்ளைகளுக்கு, பாதையோரம் நெடுக முதியவர்களுக்குத் திண்ணை, பந்து தாண்டாமல் இடுப்புயரத்துக்கு வேலி. அளவும் சாய்வும் தண்ணீர் ஓடும் பக்கமும் அவனுக்குக் கைவந்த சமாச்சாரம், மடமடவென்று வந்தது. பேச்சுக்கு நடுவே திரையில் ஆசிரியையின் பெயர் முளைத்தது. அறைக்குள் சத்தமில்லாமல் வந்து கேட்பது அவர் வழக்கம்.

"சார், அசத்திட்டீங்க" என்றான் ஸ்டியரிங். "இவ்ளோ நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"இது எல்லாருக்கும் சரியா வரும்" என்றார் ஊசி. அந்த அம்மாள் இதுவரை அவனிடம் நேராக எதுவும் சொன்னதில்லை.

ஆசிரியை பேசினார். "ரொம்ப நல்லா இருக்கு. வாய் திறக்காதவங்களைப் பத்தி நீங்க யோசிச்சது இதுதான் முதல் தடவை, ரசமட்டம். யார் பேச்சு மேல நின்னு இதைச் சொன்னீங்க?"

சுவர் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெயர். மூன்றே எழுத்து. சொல்ல ஒரு நொடி போதும். அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"யார் பேச்சும் இல்ல மேடம். படத்தைப் பாத்தேன். பட்டுச்சு."

அப்போதுதான் பாபினுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு மறைந்தது. அவளே ஒலிவாங்கியைத் திறந்திருக்கிறாள்.

"ரசமட்டம் சார் சொன்னது மேல நின்னு ஒண்ணு சொல்றேன்" என்றாள். சுவரிலும் காதிலும் குரல் ஒரே மாதிரி இருந்தது. "அந்தப் பாதைல ரெண்டு விளக்கு போடணும். ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க இருட்டுனப்புறம்தான் நடப்பாங்க."

"வந்துட்டாங்கப்பா அக்கா" என்றான் ஸ்டியரிங். "விளக்கு இல்லாம எப்படி விட்டோம்."

நேரம் முடிந்து அறை மூடியது. அவன் காதுக்கருவியைக் கழற்றி வைத்தான். மோட்டார் சத்தம்தான் காரணம் என்று முதலில் சொல்ல வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லை. ஒருவிதத்தில் அவள் யோசனை வீணாகாமல் காப்பாற்றியதுகூட... எந்த வரியும் வாயில் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனான். அவள் காய்ந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மோட்டார் போட்டான் பாரு, ஒரே இரைச்சல்..."

"சுவர் வழியா நல்லா கேட்டுச்சா?" என்றாள் அவள்.

குரலில் சூடு இல்லை. ஆலையில் பிரிந்த தையலை மேசைமேல் வைத்து, இது எங்கே பிரிந்தது என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி.

அவன் மேசைப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

"மோட்டார் அப்பவே நின்னுடுச்சுங்க. அதுக்கப்புறமும் நான் பேசிட்டுதான் இருந்தேன்."

கடைசிக் கிண்ணத்தை அடுக்கிவிட்டு அலமாரியைச் சாத்தினாள். தைலப் புட்டியை எடுத்துவந்து அவன் முன்னால் மேசையில் வைத்தாள். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தாள். அவன் விரல்களுக்கு அது திறக்க வராது என்று தெரியும். வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவன் தானே குனிந்து தேய்த்துக்கொண்டான். அவனுடைய விரல்களும் சொரசொரப்புதான். ஆனால் இதம் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் எதுவும் மாறவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. சட்டை துவைத்து வந்தது. கேட்டதற்கு 'ம்' வந்தது. ஒன்று மட்டும் அவனுக்குப் புதிதாகத் தெரிந்தது. அந்த 'ம்'முக்குப் பின்னால் ஒரு முழுப் பேச்சு இருக்கிறது, அதை அவள் தன்னிடம் செலவழிக்கவில்லை என்பது. முன்பெல்லாம் அங்கே எதுவும் இல்லை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

அடுத்த ஞாயிறு கடைசிக் கூட்டம். அதற்கு விவகாரம் கிடையாது. இந்தப் பருவத்தில் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது முடிந்த பிறகுதான் மதிப்பெண் ஏற்றுவேன் என்று ஆசிரியை எழுதியிருந்தார். தேறிவிடுவான் என்று அவனுக்கே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் தேறுவானா என்பதுதான் தெரியவில்லை. சூப்பர்வைசர் இடத்துக்கு ஒப்பந்தக்காரர் வேறொருவனையும் பார்த்துவைத்திருக்கிறார்.

நேரம் நெருங்கியதும் அவள் கைபேசியை எடுத்துக்கொண்டாள். சமையலறைப் பக்கம் போகவில்லை. வாசல் கதவைத் திறந்து செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"படிக்கட்டுல உக்காந்துக்கறேன். அங்க காத்து வருது."

கதவு சாத்திக்கொண்டது. அவன் கட்டிலில் உட்கார்ந்து கருவியை மாட்டினான். பழக்கத்தில் தலை சுவரோடு சாய்ந்தது. சுவர் வெறும் சுவராக இருந்தது. குளிர்ச்சியாக, சுண்ணாம்பு வாசத்தோடு.

ஊசி முதலில் பேசினார். அப்புறம் ஸ்டியரிங், வழக்கம்போல் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு, "நான் எடுத்துக்கிட்டது அக்காகிட்ட இருந்துதான். பொறுமையாக் கேக்கறது. அப்புறம் ரசமட்டம் சார்கிட்ட இருந்து, அந்தப் பாதை. இப்பல்லாம் எந்தக் காலி இடத்தைப் பாத்தாலும் யாரு நடந்து போயிருக்காங்கன்னுதான் தேடறேன்" என்றான். அடுத்தது அவள். காதுக்குள் மட்டும், ஒரே தடவை, பளிச்சென்று வந்தது குரல்; அதற்கு முன்னோடியாகச் சுவரில் மங்கலாக வரும் அந்த இன்னொரு குரல் வரவில்லை. ஊசியிடமிருந்து ஒன்றும் ஸ்டியரிங்கிடமிருந்து ஒன்றும் எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ரசமட்டம் சார்கிட்ட இருந்து இனிமேதான் எடுத்துக்கணும்" என்றாள். ஸ்டியரிங் அதற்கும் சிரித்தான்.

"ரசமட்டம், நீங்க?" என்றார் ஆசிரியை.

அவன் விரல் ஒலிவாங்கியைத் தொட்டது. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் கோடு மறைந்தது. முட்டி, மடக்கியும் நீட்டியும் ஒரு நிலைக்கு வராமல் விண்விண்ணென்று தெறித்தது. மூன்று பேர் காத்திருந்தார்கள். நாலாவதாகப் படிக்கட்டில் ஒருத்தி, கண்ணை மூடிக்கொண்டோ திறந்துகொண்டோ, அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. பாதையை முதலில் பார்த்தவள் பாபின் என்ற ஒரு வரியை இவர்கள் காதுகேட்கச் சொல்ல வேண்டியது, அவளுக்கு அவன் தரவேண்டிய பாக்கியாக அப்படியே நின்றது.